ஆய்வக எலிகளும் நொதி மரபணுக்களின் ஸ்ப்ளைசிங் வேறுபாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல், நச்சியல், உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். "எலியில் சோதித்தோம்" என்ற ஒரு வரி எனக்குப் போதவே போதாது. எந்த வம்சத்து எலி, அதன் உடலில் அந்த மரபணு எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்று தெரியாமல், அந்தச் சோதனையின் முடிவை மனிதருக்குப் பொருத்திப் பார்ப்பது ஆபத்து. கீழே வரும் பதில்கள் எல்லாம் அதை ஒட்டியவைதான்.

இங்கே எலி என்று எதைச் சொல்கிறீர்கள்?

பழுப்பு எலியின் வழியில் வந்த ஆய்வக எலியை. அறிவியல் பெயர் ராட்டஸ் நார்வேஜிகஸ். சுண்டெலி வேறு உயிரினம். அதற்கு 40 குரோமோசோம்கள், இதற்கு 42. தமிழ்ச் செய்திகளில் இரண்டையும் எலி என்றே எழுதிவிடுகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வக எலியிலும் பல வம்சங்கள் உண்டு. விஸ்டார் எலி 1906இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் தொடங்கியது. லாங்-எவன்ஸ் 1915இல் பெர்க்லியிலும், ஸ்ப்ரேக்-டாலி 1925இல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனிலும் உருவாயின. ஃபிஷர் 344 வம்சம் 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இவற்றில் ஃபிஷர் 344 போன்றவை உள்வழி வம்சங்கள்: குறைந்தது 20 தலைமுறை உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து, ஒன்றுக்கொன்று மரபில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆக்கப்பட்டவை. விஸ்டார், ஸ்ப்ரேக்-டாலி இரண்டும் பெரும்பாலும் வெளிவழியாக, அதாவது நெருங்கிய உறவில்லாத எலிகளை இணைத்து, வளர்க்கப்படுபவை. ஒரே கூண்டில் இருக்கும் இரண்டு விஸ்டார் எலிகள் மரபில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஸ்ப்ளைசிங் என்றால் சுருக்கமாக என்ன?

மரபணுவிலிருந்து முதலில் எடுக்கப்படும் ஆர்.என்.ஏ படியில் தேவையான பகுதிகளும் தேவையற்ற பகுதிகளும் கலந்து இருக்கும். தேவையானவை எக்சான்கள், இடையில் வருபவை இன்ட்ரான்கள். செல் இன்ட்ரான்களை வெட்டி எறிந்துவிட்டு எக்சான்களை ஒட்டுகிறது. அந்த வேலைக்குப் பெயர்தான் ஸ்ப்ளைசிங். 1977இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் அடினோவைரஸில் இதைக் கண்டுபிடித்தன. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்ட வேண்டிய இடத்தைச் செல் எப்படி அறிகிறது? ஆர்.என்.ஏ சங்கிலியின் கண்ணிகளை ஏ, யூ, ஜி, சி என்ற எழுத்துகளால் குறிக்கிறோம். ஏறக்குறைய எல்லா இன்ட்ரான்களும் ஜி-யூ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கி, ஏ-ஜி என்ற இரண்டு எழுத்துகளில் முடிகின்றன. அக்கம்பக்கத்து எழுத்துகளும் உதவுகின்றன. ஆனால் அந்த நான்கு எழுத்துகளில் ஒன்று மாறினாலும் எல்லை குலைந்துவிடும்.

எல்லையில் ஒரு எழுத்து மாறினால் என்ன நடக்கும்?

பக்கத்து எக்சானையே செல் தாண்டிப் போய்விடலாம். அல்லது வழக்கமாகப் பயன்படாத, பார்ப்பதற்கு எல்லை போன்ற வேறொரு இடத்தில் வெட்டலாம். இன்ட்ரான் வெட்டப்படாமல் உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. இவற்றில் எது நடந்தாலும், மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் நகர்ந்து நடுவிலேயே நிறுத்தக் குறி வந்துவிட்டால், அந்தத் தூது ஆர்.என்.ஏவையே செல் அடையாளம் கண்டு அழித்துவிடக்கூடும். அப்போது புரதம் குறைவாக வரும், அல்லது வரவே வராது.

எக்சான் தாண்டலுக்கு எலியிலேயே தெளிவான உதாரணம் நாகாசே எலி. 1979இல் ஜப்பானில் ஸ்ப்ரேக்-டாலி எலிகளிலிருந்து கிடைத்த இதன் இரத்தத்தில் ஆல்புமின் கிட்டத்தட்ட இல்லை. ஆல்புமின் மரபணுவின் ஓர் இன்ட்ரானில், தொடக்கத்தை ஒட்டி 7 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் அதற்கு முந்தைய எக்சான் தாண்டப்படுகிறது. புரதத்தை எழுதும் எக்சான்களில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. எக்சான்களை மட்டும் வாசித்துப் பார்க்கிறவர் இந்த மரபணுவில் குறையே இல்லை என்றுதான் சொல்வார்.

வம்சங்களுக்கு இடையிலான ஸ்ப்ளைசிங் வேறுபாட்டுக்கு மிகப் பெரிய உதாரணம் எது?

என்னைக் கேட்டால், பின்லாந்தின் குவோப்பியோ நகரத்து ஹான்/விஸ்டார் எலி. நச்சியலில் இதற்கு இணையான உதாரணம் எனக்குத் தெரியாது.

டையாக்சின்கள் என்ற குளோரின் கலந்த நச்சு வேதிப்பொருள்களில் மிகக் கொடியது டி.சி.டி.டி. 1976இல் இத்தாலியின் செவேசோவில் ஆலை விபத்தில் ஊரெங்கும் பரவிய நஞ்சு இதுதான். வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சில் கலந்திருந்ததும் இதுதான். லாங்-எவன்ஸ் எலிகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை போதும். குவோப்பியோவின் ஹான்/விஸ்டார் எலிகளுக்கு 9,600 மைக்ரோகிராம் கொடுத்தும் பாதி சாகவில்லை. இரண்டும் ஒரே இனம், ஒரே நஞ்சு. தாங்கும் திறனில் மட்டும் சுமார் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

ரைமோ போயன்விர்த்தா, யோவ்கோ துவோமிஸ்தோ ஆகியோரின் குழு இதற்கான காரணத்தை 1998இல் வெளியிட்டது. டையாக்சின் செல்லுக்குள் போய்ப் பற்றிக்கொள்வது ஏ.எச்.ஆர் என்ற ஏற்பியை, அதாவது வெளிப்பொருளை ஏற்றுச் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதத்தை. ஹான்/விஸ்டார் எலியில் அந்த ஏற்பியின் மரபணுவில், 10ஆம் இன்ட்ரானின் முதல் எழுத்தான ஜி, ஏ-ஆக மாறியிருக்கிறது. முறையான எல்லை அழிந்துவிட்டதால் செல் பக்கத்தில் உள்ள பொய் எல்லைகளில் வெட்டுகிறது. விளைவாக ஒரு வகை ஆர்.என்.ஏவுக்குப் பதில் பல வகைகள் உண்டாகின்றன: சிலவற்றில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது, ஒன்றில் ஒரு துண்டு போய்விடுகிறது. எப்படியும் புரதத்தின் வால் பகுதியில் சுமார் 40 அமினோ அமிலங்கள் குறைகின்றன. லாங்-எவன்ஸ் எலியில் சுமார் 106 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இருக்கும் ஏற்பி, இந்த எலியில் சுமார் 98 கிலோடால்டன்.

ஏ.எச்.ஆர் ஏற்பிதானே, நொதி அல்லவே?

சரிதான். ஆனால் சிப் (CYP) குடும்பத்தின் சிப்1ஏ1, சிப்1ஏ2 போன்ற நச்சுமுறி நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடுவது அந்த ஏற்பிதான். அதனால் நொதி வேறுபாடு என்று பேசும்போது இதை விட்டுவிட முடியாது. இங்கே எதிர்பாராத ஒரு திருப்பமும் இருக்கிறது. வால் குறைந்த ஏற்பி கொண்ட எலியில் சிப்1ஏ1 நொதி உயராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது லாங்-எவன்ஸ் எலியில் உயர்வது போலவே, அதே அளவு குறைந்த டோஸிலேயே உயர்கிறது. நோயெதிர்ப்பு உறுப்பான தைமஸ் சுருங்குவதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சாவு, கடுமையான கல்லீரல் சிதைவு ஆகியவற்றில்தான் இரண்டும் வெகுதூரம் விலகுகின்றன.

இதன் பொருள் மிகப் பெரியது. நொதி உயர்வதும் உயிர் போவதும் ஒரே ஏற்பி வழியாகத் தொடங்கினாலும் ஒரே பாதையில் போகவில்லை. இந்த ஒரு எழுத்து மாற்றம் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டது. வேண்டுமென்று திட்டமிட்டாலும் இவ்வளவு நேர்த்தியான சோதனையை அன்று யாராலும் வடிவமைத்திருக்க முடியாது.

முழுக் கதையும் ஏ.எச்.ஆரோடு முடியவில்லை. இரண்டு வம்சங்களையும் கலந்து பார்த்ததில், எதிர்ப்புக்கு இன்னொரு மரபணுவும் பங்களிப்பது தெரிந்தது. அதன் பங்கு சிறியது.

மனிதர் இதில் எந்த எலியைப் போன்றவர்?

எந்த எலியையும் அப்படியே போன்றவர் அல்ல. செவேசோவில் குளோரக்னே என்ற கடும் தோல் நோய் நிறைய பேருக்கு வந்தது. உணர்திறன் மிக்க எலிகளைப் போல உடனே யாரும் சாகவில்லை. அதை வைத்து மனிதர் ஹான்/விஸ்டார் வகை என்று முடிவு கட்டுவதும் தவறு. ஏற்பியில் நஞ்சு எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது, எவ்வளவு உடலில் சேர்ந்தது, எந்த வயதில் சேர்ந்தது எல்லாம் கணக்கில் வரும்.

மஞ்சள் காமாலையோடு பிறக்கும் கன் எலியின் குறைக்கும் ஸ்ப்ளைசிங் பிழைதானா காரணம்?

இல்லை. ஆனால் ஸ்ப்ளைசிங் தெரியாமல் கன் எலியைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1934இல் டொரான்டோவின் கன்னாட் ஆய்வகத்து விஸ்டார் எலிக் கூட்டத்தில் சில குட்டிகள் மஞ்சளாகப் பிறந்தன. சார்லஸ் கன் 1938இல் அதைப் பரம்பரை மஞ்சள் காமாலை என்று விவரித்தார். இரண்டு பெற்றோரிடமிருந்தும் குறை வந்தால்தான் காமாலை தெரியும். மஞ்சள் நிறமியான பிலிரூபினுடன் குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி வெளியேற்றும் நொதி, யூ.ஜி.டி1ஏ1, இந்த எலியில் வேலை செய்வதில்லை. மனிதரில் இதற்கு ஈடான நோய் 1952இல் விவரிக்கப்பட்ட கிரிக்லர்-நஜார் முதல் வகை.

யூ.ஜி.டி1 மரபணுவின் அமைப்பு விசேஷமானது. முன்னால் வரிசையாகப் பல முதல் எக்சான்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி முடுக்கி (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதி) உண்டு. பின்னால் 2 முதல் 5 வரை நான்கு பொது எக்சான்கள். ஒவ்வொரு நொதியும் ஏதாவது ஒரு முதல் எக்சானை இந்தப் பொது எக்சான்களோடு ஒட்டித்தான் உருவாகிறது. மனிதரில் இப்படி வேலை செய்யும் முதல் எக்சான்கள் 9. எந்தப் பொருளைப் பிடிப்பது என்பதை முதல் எக்சான் தீர்மானிக்கிறது. குளுக்குரோனிக் அமிலத்தைக் கொண்டுவரும் வேலை பொதுப் பகுதிக்கு. ஒரே கைப்பிடியில் வெவ்வேறு முனைகளை மாட்டிக்கொள்ளும் திருப்புளி போன்ற ஏற்பாடு இது.

கன் எலியில் உடைந்தது அந்தக் கைப்பிடி. 4ஆம் எக்சானில் ஒரே ஒரு ஜி எழுத்து விடுபட்டிருக்கிறது. சட்டகம் நகர்ந்து, புரதத்தின் கடைசி 115 அமினோ அமிலங்கள் இல்லாமல் போகின்றன. வெட்டுவதும் ஒட்டுவதும் சரியாகவே நடக்கின்றன. ஆனால் எந்த முதல் எக்சானை எடுத்தாலும் அது போய் ஒட்டுவது கெட்டுப்போன பகுதியில்தான். ஆகவே பிலிரூபின் நொதி மட்டுமல்ல, யூ.ஜி.டி1 குடும்பம் முழுவதும் செயலிழக்கிறது. யூ.ஜி.டி2 குடும்பம் தனி மரபணுக்களிலிருந்து வருவதால் தப்பிக்கிறது. டெஸ்டோஸ்டீரோன் போன்றவற்றைக் கன் எலி வழக்கம்போல் கையாளுகிறது.

அப்படியானால் கன் எலியை மருந்துச் சோதனைக்குப் பயன்படுத்தலாமா?

கேள்வி எதுவோ அதைப் பொறுத்தது. ஒரு மருந்து யூ.ஜி.டி1 வழியாக வெளியேறுகிறதா என்று பார்க்க மிக நல்ல எலி. பாராசிட்டமாலின் கணிசமான பகுதி குளுக்குரோனிக் அமிலம் ஒட்டிய குளுக்குரோனைடாகப் போவதால், கன் எலிகள் அதன் நச்சுக்குக் கூடுதலாக ஆளாகின்றன. பொதுவான நச்சுத்தன்மையை அளக்க நினைப்பவருக்கு இது பொருந்தாது.

பச்சிளம் குழந்தைகளின் காமாலைக்குக் கொடுக்கும் ஒளிச் சிகிச்சையைப் புரிந்துகொள்ள இந்த எலி உதவியது. ஒளி பட்டால் மஞ்சள் குறைகிறது என்று 1958இல் இங்கிலாந்திலிருந்து அறிக்கை வந்தது. 1971இல் டொனால்ட் ஆஸ்ட்ரோ கன் எலிகளில் ஒளியைச் செலுத்தி, குளுக்குரோனிக் அமிலம் ஒட்டாமலேயே நிறமிகள் பித்தநீரில் வெளியேறுவதைக் காட்டினார். அந்த நொதியே இல்லாத விலங்கில் செய்ததால்தான் அந்த முடிவில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போனது.

டார்க் அகூட்டி வம்சத்து எலி, சிப்2டி6 நொதி இல்லாத மனிதருக்குச் சமம் என்கிறார்களே?

வெளித்தோற்றத்தில் சமம், காரணத்தில் அல்ல. டார்க் அகூட்டி பெண் எலிகள் டெப்ரிசோகுயின் என்ற மருந்தை மிக மெதுவாகவே மாற்றுகின்றன. ஐரோப்பியரில் 5 முதல் 10 விழுக்காட்டினரும் அப்படியே. மனிதரில் பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்ப்ளைசிங் பிழை: சிப்2டி6 மரபணுவின் நட்சத்திரம்-4 என்ற வடிவத்தில் 3ஆம் இன்ட்ரானின் கடைசி எழுத்து மாறி, வெட்டும் இடம் ஒரு எழுத்து தள்ளிப்போகிறது. எலியில் நடப்பது வேறு: சிப்2டி2 நொதி குறைவாகவே உண்டாகிறது. ஒன்றில் வெட்டு பிழை, மற்றதில் உற்பத்தி குறைவு. மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்க்க இந்த எலி உதவும். ஸ்ப்ளைசிங்கைச் சரிசெய்யும் சிகிச்சையைச் சோதிக்க உதவாது.

மனிதரில் இத்தகைய நொதி வேறுபாடுகள் நம்மைத் தொடுகின்றனவா?

நேரடியாகவே தொடுகின்றன. சிப்2சி19 மரபணுவின் நட்சத்திரம்-2 வடிவத்தில், 5ஆம் எக்சானின் நடுவே ஜி, ஏ-ஆக மாறி ஒரு பொய் எல்லையை உண்டாக்குகிறது. எக்சானின் முதல் 40 எழுத்துகள் கழிந்துவிட, சட்டகம் நகர்ந்து நொதி பாதியில் நின்றுபோகிறது. தென்னிந்தியரிடம் இந்த வடிவம் ஐரோப்பியரைவிட வெகுவாக அதிகம். புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழர்களிடமே இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரெல் வேலை செய்ய இந்த நொதி தேவை. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே அந்த மருந்துக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்த்தது.

சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் டேக்ரோலிமஸ் மருந்தின் அளவும் இப்படித்தான் மாறுகிறது. சிப்3ஏ5 மரபணுவின் நட்சத்திரம்-3 வடிவத்தில், இன்ட்ரானுக்குள் ஒரு போலி எக்சான் உருவாகி உள்ளே நுழைந்துவிடுகிறது. அந்த நொதி வேலை செய்கிறவர்களுக்குக் கூடுதல் டோஸ் தேவைப்படும்.

சிப்2சி19-க்கு நேர் ஈடான ஒரே நொதி எலியில் கிடையாது. எலியின் சிப்2சி குடும்பம் தன் வழியில் பெருகியது. ஆகவே இந்த மருந்துகளை எலியில் மட்டும் பார்த்துவிட்டு மனித டோஸைப் பற்றிப் பேசக் கூடாது.

நொதியின் மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஸ்ப்ளைசிங் மாறுமா?

மாறும். வெட்டி ஒட்டும் வேலையை வழிநடத்தும் புரதங்களும் மரபணுக்களிலிருந்துதான் வருகின்றன. அவற்றில் ஒன்று கெட்டால், வேறு குரோமோசோமில் உள்ள பல மரபணுக்களின் ஆர்.என்.ஏ மாறிவிடும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேரியன் கிரீசரின் ஆய்வகத்தில் ஒரு எலி கிடைத்தது. அதன் இதயத்தில் டைட்டின் என்ற தசைப் புரதம் வளர்ந்த பிறகும் இயல்பைவிடப் பெரிதாகவே இருந்தது. டைட்டின் மரபணுவில் குறை இல்லை, ஆர்.பி.எம்20 என்ற ஸ்ப்ளைசிங் புரதத்தின் மரபணுவில் பெரும் பகுதி இல்லாமல் போயிருந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில், காம் கைனேஸ்-2 டெல்டா என்ற நொதியின் ஸ்ப்ளைசிங்கும் அதே எலியில் மாறியிருப்பது தெரிந்தது. இதயத் துடிப்பின் கால்சிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நொதி அது. ஆர்.பி.எம்20 கெட்ட மனிதருக்கு இதயம் விரிந்து பலவீனமாகும் பரம்பரை நோய் வருகிறது.

ஆண் எலி, பெண் எலி வேறுபாடும் ஸ்ப்ளைசிங்தானா?

பெரும்பாலும் இல்லை. சிப்2சி11 ஆண் எலியின் கல்லீரலில் மட்டும் மிகுதியாக இருப்பதற்குக் காரணம், வளர்ச்சி ஹார்மோன் ஆண்களில் விட்டு விட்டுச் சுரப்பது. அது மரபணுவை முடுக்கும் நிலையில் வரும் வேறுபாடு.

ஒரு ஸ்ப்ளைசிங் வேறுபாட்டை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லீரல் துண்டை எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் போடுங்கள், தாமதித்தால் ஆர்.என்.ஏ சிதைந்துவிடும். ஆர்.என்.ஏவிலிருந்து அதன் டி.என்.ஏ படியான சி.டி.என்.ஏ தயாரித்து, சந்தேகப்படும் எக்சானுக்கு முன்னும் பின்னும் உள்ள எக்சான்களில் பிரைமர்களை (படியெடுப்பு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகள்) வைத்து, அந்தப் பகுதியைப் பெருக்கும் பி.சி.ஆர் செய்யுங்கள். ஜெல்லில் பட்டை மேலே ஏறியிருந்தால் ஏதோ கூடுதலாக ஒட்டியிருக்கிறது, கீழே இறங்கியிருந்தால் ஏதோ போயிருக்கிறது. ஒவ்வொரு பட்டையையும் வெட்டி எடுத்து எழுத்துவரிசை பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, ரியல்-டைம் பி.சி.ஆரில் இரண்டு பிரைமர்களையும் ஒரே எக்சானுக்குள் வைத்து "இரண்டு வம்சங்களிலும் அளவு ஒன்றே" என்று எழுதிவிடுவது. பிழையான ஆர்.என்.ஏவும் அதே அளவு இருக்கலாம். அந்தப் பிரைமர்களுக்கு அது தெரியாது. மற்றொன்று, டி.என்.ஏ கலந்துவிட்ட மாதிரியில் வரும் பட்டையை, வெட்டப்படாமல் தங்கிய இன்ட்ரான் என்று நம்பிவிடுவது. டி.என்.ஏவைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி கொண்டு சுத்தம் செய்து, சி.டி.என்.ஏவை உண்டாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு கட்டுப்பாட்டுக் குழாயும் வைத்தால் இது தெளிந்துவிடும்.

அதன்பின் மரபணுவின் எக்சான்-இன்ட்ரான் எல்லைகளை டி.என்.ஏவில் வாசிக்க வேண்டும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் புரதத்தின் அளவு மாறியிருந்தால் சான்று இன்னும் வலுக்கும். மாற்றம்தான் காரணம் என்று நிறுவ, அந்தப் பகுதியை மட்டும் ஒரு சிறு மரபணுவாகக் கட்டி, வளர்ப்புச் செல்களில் இரண்டு வடிவங்களையும் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

எல்லா ஆர்.என்.ஏவையும் ஒரேயடியாக வாசிக்கும் ஆர்.என்.ஏ-சீக் செய்தால் எல்லாம் தானாகத் தெரிந்துவிடாதா?

நிறையத் தெரியும், கவனம் வேண்டும். எலியின் முழு மரபணுத்தொகை முதலில் 2004இல் வெளியானது. அது பிரவுன் நார்வே வம்சத்தின் எலி. உங்கள் விஸ்டார் எலியின் வாசிப்புகளை அதன்மேல் பொருத்தும்போது, மாறிய எழுத்துகள் உள்ள இடங்களில் சில வாசிப்புகள் பொருந்தாமல் உதிர்ந்துவிடும். அதைப் பார்த்து எக்சான் தாண்டப்பட்டது என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. இரண்டு எக்சான்களையும் இணைத்து ஓடும் சந்தி வாசிப்புகளை மட்டும் எண்ணுவது பாதுகாப்பு.

எங்கள் கல்லூரியில் விஸ்டார் மட்டும்தான் கிடைக்கிறது. என்ன செய்வது?

விஸ்டாரையே பயன்படுத்துங்கள், ஆனால் அவை எல்லாம் ஒன்று என்று எண்ணாதீர்கள். சில விஸ்டார் எலிகளில் ஆண்ட்ரோஸ்டீரோனைக் கையாளும் யூ.ஜி.டி2பி2 மரபணுவில் பெரிய துண்டு ஒன்று இல்லை. பக்கத்தில் நிற்கும் இன்னொரு விஸ்டாரில் அது முழுதாக இருக்கும். ஒரு குழுவின் ஆறு எலிகளில் இரண்டு மட்டும் விலகி நிற்கும் முடிவு வந்தால், அதைச் சராசரியில் கரைத்துவிடுவதற்கு முன் அந்த இரண்டின் வால் நுனியிலிருந்து டி.என்.ஏ எடுத்துப் பாருங்கள். ஹான்/விஸ்டார் எலியின் கதையிலும், எல்லோரும் எதிர்பார்த்த டோஸில் சாகாத எலிகளை அலட்சியம் செய்யாததால்தான் அந்த ஒரு எழுத்து வெளியே வந்தது.

ஆய்வறிக்கையில் எலியைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும்?

வம்சத்தின் முழுப் பெயர், துணைவழிக் குறியீடு, வாங்கிய இடம், பால், வயது, எடை. விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2010இல் வெளியாகி 2020இல் திருத்தப்பட்ட அரைவ் வழிகாட்டி இவற்றைக் கேட்கிறது. ஒரே பெயரில் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பல தலைமுறை வளர்ந்த கூட்டங்கள் விலகிப்போயிருக்கலாம் என்பதால், வாங்கிய இடத்தை விட்டுவிடக் கூடாது. நொதி சார்ந்த ஆய்வாக இருந்தால், அந்த நொதியின் எந்த வடிவம் உங்கள் எலிகளில் இருந்தது என்று ஒரு வரி சேர்த்து, சி.டி.என்.ஏ வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் இடுங்கள். மிச்சமிருக்கும் கல்லீரல் துண்டுகளை மைனஸ் 80 டிகிரியில் பெயரோடு வைத்திருங்கள். பின்னால் வருகிறவர் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.